மதினி அழுத்திய பொத்தான்

1

நேற்றுக் காலை என் மேசைக்கு எதிரே நின்று ஓர் அம்மாள் சத்தம் போட்டார். மெல்போர்ன் புறநகர் ஒன்றில், ஒரு சிறிய மருத்துவமனையின் முன்மேசையில் எனக்கு வேலை. டாக்டரைப் பார்க்க நேரம் கொடுப்பது, வந்தவர்களை உட்காரவைப்பது, தொலைபேசியை எடுப்பது. அந்த அம்மாளுக்குத் தன் மகள் அடுத்து எப்போது டாக்டரிடம் வருகிறாள் என்று தெரிய வேண்டும். மகளுக்குப் பத்தொன்பது வயது. இந்த ஊர் விதிப்படி, அந்தப் பெண் எங்களிடம் வருகிறாளா இல்லையா என்பதைக்கூட நான் வாய்திறந்து சொல்லக் கூடாது. அதற்கென்று ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கும் பயிற்சி உண்டு. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"நீயும் ஒரு தாய்தானே?" என்று கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திப் போனார்.

தாய்தான். என் மகள் மித்ராவுக்குப் பதினெட்டு. அவளுக்குப் பதினான்கு முடிந்த கையோடு, அரசாங்க வலைத்தளத்தில் என் பக்கத்திலிருந்து அவளுடைய மருத்துவப் பதிவு காணாமல் போய்விட்டது. விட்டேனா? தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடும் பாட்டை முக்கால் மணி நேரம் கேட்டபின், ஒரு பையன் மிகவும் பணிவாக, "உங்கள் மகளிடமே கேளுங்களேன்" என்றான். பெற்றவளுக்கே கதவைச் சாத்துகிற ஊர் என்று மணமேல்குடியில் இருக்கும் மதினிக்கு போன் போட்டுத் திட்டித் தீர்த்தேன். மதினி என் அண்ணன் மனைவி. அவர் நிதானமாகச் சொன்னார்.

"இங்கிட்டு அந்தத் தொல்லையே இல்ல செல்வி. எம்புள்ள போனு எங்கிட்டதான கெடக்குது."

அன்றைக்கு எனக்குப் பொறாமையாக இருந்தது.

2

அண்ணன் குவைத்தில் இருந்துவிட்டு வந்து ஊரில் பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் அபிநயா, எங்களுக்கு அபி. திருச்சியில் விடுதியில் தங்கி பி.காம் முடித்தவள், இப்போது ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறாள். முறைப்படி மித்ராவுக்கு அவள் மதினி. மித்ராவுக்கு அந்தச் சொல் நாக்கில் ஏறுவதில்லை, அபி அக்கா என்பாள். திருத்தித் திருத்தி நான்தான் ஓய்ந்துபோனேன்.

ஆவணியில் அபிக்கு நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளை சதீஷ், ஆவுடையார்கோவில் பக்கம். துபாயில் கட்டட என்ஜினியர். நிச்சயத்துக்கு வந்து மோதிரம் மாற்றிவிட்டு, லீவு முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். கல்யாணம் தை மாதம் என்று பேச்சு.

முகூர்த்த நாள் குறிக்கும் முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணின் அம்மாவைத் தனியாக அழைத்து, பெண்ணுக்கு மாதத்தில் எந்தத் தேதி என்று கேட்டுக்கொள்வார்கள். கல்யாணத்தன்று பெண் தூரமாகிவிட்டால் மணவறையில் உட்காரவைக்க மாட்டார்கள் அல்லவா. என் கல்யாணத்தின்போது என் அம்மா அடுப்படியில் நின்றபடி விரல்களை மடக்கிக் காட்டியே விஷயத்தை முடித்துவிட்டார். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அந்தக் கூச்சம் எங்களோடு கடல் கடந்தும் வந்துவிடுகிறது. இங்கே வந்த புதிதில் ஒரு டாக்டரம்மா, சொன்ன நாளில் ஏன் வரவில்லை என்று கேட்டார். "ஐ வாஸ் ஃபார்" என்று சொல்லிவைத்தேன். தூரம் என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். நான் எங்கோ வெளியூர் போய்வந்ததாக நினைத்து, பயணம் நன்றாக இருந்ததா என்று விசாரித்தார். பரவாயில்லை என்றேன்.

விரலை மடக்கிச் சொன்ன சேதி அந்த அடுப்படியோடு போயிற்று. யாரும் அதை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

3

அபியின் போனில் ரோஸ் நிறத்தில் ஒரு செயலி. மாதக் கணக்கு வைத்துக்கொள்வதற்கு. தேதி, வயிற்றுவலி, தூக்கம், மனம் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் அதில் குறிக்கலாம். விடுதியில் எல்லாப் பெண்களும் வைத்திருந்தார்கள் என்று இவளும் வைத்துக்கொண்டாள். அப்போது இவளுக்குப் பதினேழு. பதினெட்டு ஆகாதவர்கள் சேர முடியாது என்றது செயலி. பக்கத்துக் கட்டில் பெண் சொல்லிக்கொடுத்தபடி, பிறந்த வருஷத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட்டாள். நீளமாக வந்த விதிமுறைகளுக்கெல்லாம் 'சம்மதம்' என்று தட்டினாள். நாம் யார் அதைப் படித்திருக்கிறோம்? போன் எண்ணுக்கு, அப்போது தன்னிடம் இருந்த அண்ணனின் பழைய எண்ணைக் கொடுத்தாள். வீட்டில் எல்லா சிம்மும் அண்ணன் பெயரில்தான், அந்த சிம் இப்போது அவர் கையில்.

அவளுக்கு நீர்க்கட்டித் தொந்தரவு இருந்தது. மாதங்கள் தப்பிக்கொண்டே போயின. தோழியோடு திருச்சியில் ஒரு டாக்டரைப் பார்த்தாள். மாதம் ஒழுங்காக வருவதற்காக அவர் மாத்திரை கொடுத்தார். கருத்தடைக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான் இதற்கும். எங்கள் மருத்துவமனையில் அன்றாடம் எழுதித் தருகிறார்கள். அபி வீட்டில் சொல்லவில்லை. நீர்க்கட்டி என்ற சொல் வெளியே போனால், இவளுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடும் என்ற பயம். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தச் செயலியில் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்கு மேலே 'கருத்தடை' என்று போட்டிருந்தது. மாத்திரைக்கு வேறு கட்டம் இல்லை, அதிலேயே குறித்துக்கொண்டாள்.

புரட்டாசியில் சம்பந்தியம்மா மதினிக்கு போன் செய்து தேதி கேட்டார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காதுபட எப்படிச் சொல்வது? "வாட்ஸப்புல போட்டுவிடுறேன் சம்பந்தி" என்று மதினி வைத்துவிட்டார். அபி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போனைத் திறக்கும் கோலம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மதினி ரோஸ் நிறச் செயலியைத் திறந்தார், காலண்டர் வந்தது. கீழே ஓர் அம்புக்குறியும் 'பகிர்' என்ற எழுத்தும் இருந்தன. தேதியைப் படம் பிடித்து அனுப்பும் பொத்தான் என்று நினைத்து அழுத்தி, சம்பந்தியம்மாவின் பெயரைத் தொட்டார். கூச்சப்படுகிற விஷயம் சொல்லாமலே முடிந்ததில் அவருக்கு நிம்மதி.

போனது படம் இல்லை. கணவனோ காதலனோ பார்ப்பதற்காக மொத்தக் கணக்கையும் திறந்துவிடுகிற இணைப்பு. சம்பந்தியம்மாவுக்கு அது திறக்கவில்லை. என்னவென்று பாருப்பா என்று துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவிட்டார். சதீஷ் பார்த்தார். செயலியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, 'ஏற்கிறேன்' என்று தட்டினார்.

4

இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. முதலில் அபி சந்தோஷமாகத்தான் போன் செய்தாள்.

"வயித்துவலி எப்படி இருக்குன்னு கேக்குறாரு அத்தை. நான் சொல்லவேயில்ல. அம்மா அவங்கம்மாட்ட சொல்லிருப்பாங்க போல. பாசமாத்தான் கேக்குறாரு."

நானும் நல்ல பையன் என்று நினைத்தேன். என் கணவர் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வயிற்றுவலியை விசாரித்ததாக ஞாபகம் இல்லை.

அடுத்த முறை அவள் குரல் இறங்கியிருந்தது. "நேத்து நாலு மணி நேரந்தான் தூங்கிருக்க, யார்கூட பேசிக்கிட்டிருந்தன்னு கேக்குறாரு. அவருக்கு எப்படித் தெரியும் அத்தை?"

தெரிந்த விதத்தை அவரே ஒரு நாள் சொல்லியிருக்கிறார். கோபமில்லாமல், ஒரு வேலையை விளக்குவதுபோல. அவள் அதை எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"காலேஜ் ரெண்டாவது வருஷத்துல ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டிருக்க. எதுக்குன்னு நான் கேக்கல. யார்ட்டயும் சொல்லவும் மாட்டேன்."

நீர்க்கட்டிக்குத்தான் என்று இவள் அழுதுகொண்டே விளக்கியிருக்கிறாள். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அதை எவள் பத்திரப்படுத்தி வைத்திருப்பாள்? இல்லை என்றதும், "சரி விடு, நம்புறேன்" என்றிருக்கிறார். கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டார். "ஆனா இனிமே அதுல எதையும் அழிக்காத. அழிச்சா எனக்குச் சந்தேகம் வரும்."

நான் ஊரில் இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அந்தப் பையன் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். இங்கிருந்து என்ன செய்வது? வேலை நேரத்தில் சாப்பாட்டு அறைக்குள் நின்று, ஓசையில்லாமல் கத்தினேன்.

5

மித்ரா என்னோடு பேசுவதே இரண்டு வார்த்தைக்குள். சாப்பாடு வேண்டும், வேண்டாம். ஆனால் அபி கதையைக் கேட்டதும் தன் அறையிலிருந்து கணினியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அது அபி அக்காவோட பாடி. ஹவ் கேன் ஹி?" என்றாள். அவள் தமிழ் அங்கே நின்றுவிட்டது. எனக்கும் அதற்குமேல் தமிழில் ஒன்றும் தோன்றவில்லை.

இணைப்பை வெட்ட வேண்டுமானால் கடவுச்சொல் வேண்டும். அபிக்கு அது மறந்து எத்தனையோ காலம். புதிதாக வாங்கினால் ஓடிபி வரும். அது அண்ணன் எண்ணுக்கு வரும். அண்ணன் தனக்கு வரும் எந்தச் சேதியையும் கடையில் கூட்டத்துக்கு நடுவே உரக்கப் படித்துவிட்டு, இது என்னடா என்று விசாரிக்கும் ரகம்.

நிறுவனத்துக்கு அபி பெயரில் மின்னஞ்சல் எழுதினோம். அன்பான பதில் வந்தது. கணக்கை அழிக்க அடையாள அட்டை வேண்டுமாம். ஆதார் நகலை அனுப்பினோம். பிறந்த வருஷம் ஒத்துப்போகவில்லை என்று அதே அன்போடு சொன்னார்கள். பதினேழு வயதில் சேர்ந்ததை உள்ளபடி எழுதினோம். அப்படியானால் சேரும்போது நீங்கள் சிறுமி, ஆகவே பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதமும் அவருடைய அடையாள அட்டையும் தேவை என்றார்கள். யாருடைய போன் எண்ணில் கணக்கு இருக்கிறதோ அவர் கையெழுத்திட்டால் நல்லது என்றும் ஒரு வரி. சுற்றிச் சுற்றி அண்ணனிடமே கொண்டுபோய் விட்டார்கள்.

நம் நாட்டிலும் இப்போது சட்டம் வந்திருக்கிறது, பதினெட்டு ஆகாதவர்களின் விவரத்தை வாங்கப் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்று. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் போட்டிருக்கிறார்கள், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை யாருக்குப் பயந்து ஒளிக்கிறதோ அவரையே காவலுக்கு நிறுத்தினால் அது எங்கே போய்ச் சொல்லும்? மித்ரா விதிமுறைகளைக் கடைசிவரை படித்தாள். நிறுவனம் ஒரு நாட்டில், விவரம் கிடக்கும் இயந்திரங்கள் இன்னொரு நாட்டில், வழக்குப் போடுவதென்றால் மூன்றாவது ஒரு நாட்டில். ஏற்கெனவே இன்னொருவரோடு பகிர்ந்ததைத் திரும்பப் பெற இயலாது என்றும் இருந்தது.

சைபர் கிரைம் போலீஸுக்குப் போகலாமா என்று அபியிடம் கேட்டேன்.

"நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை மேலயா அத்தை? அவரு ஒண்ணும் திருடலயே. அனுப்பினது எங்கம்மா."

"அப்ப அப்பாட்ட சொல்லிரு அபி. அண்ணன் சத்தம் போடும், அப்பறம் புரிஞ்சுக்கும்."

"மாத்திரைன்னு ஆரம்பிச்சா முடிக்க விட மாட்டாரு அத்தை."

அவருக்குப் பதிலாக மதினியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மதினி சற்று நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, "கல்யாணம் முடியட்டும்டி. அப்பறம் அவருக்கும் ஒனக்கும் என்ன ஒளிவு மறைவு?" என்றாராம்.

6

ஐப்பசியில் ஒரு நாள் அபி துணிந்து அந்தச் செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. சதீஷும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். அவள் குரலில் பழைய கலகலப்பு திரும்பியது. புடவை எடுக்கப் போவது பற்றியெல்லாம் பேசினாள். சனியன் தொலைந்தது என்று நானும் நினைத்தேன்.

மித்ராதான் ஒரு சனிக்கிழமை கேட்டாள், அக்கவுன்ட்டை எடுத்தார்களா, ஆப்பை மட்டும் எடுத்தார்களா என்று. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுக்கு முகம் மாறிவிட்டது. போனில் இருப்பது கதவு மட்டும்தானாம், வீடு அங்கே அப்படியே இருக்கும். இவள் உள்ளே போய்த் தேதி குறிக்காவிட்டால், தேதி வரவில்லை என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். பார்க்கிறவர் போனில் ஒவ்வொரு நாளும் தாமதம், தாமதம் என்று எண்ணிக்கொண்டே போகும்.

"எண்ணி முடிச்சா என்ன சொல்லும்?" என்று கேட்டேன்.

மித்ரா தமிழில் சொல்லவில்லை. கர்ப்பமாக இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள் என்று சொல்லுமாம்.

சதீஷ் துபாய்க்குப் போனது ஆவணியில். அதற்குப்பின் அவர் ஊருக்கு வரவே இல்லை. இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். உடனே அபியைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணனே கூப்பிட்டார். கடையில் இருந்தார். என்னைச் சிறு வயதில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்.

"ஆத்தா, அபி ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"என்னண்ணே?"

"மாப்பிள்ளை போன் பண்ணாரு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாமா, எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட காட்டிருங்கன்றாரு. எனக்குக் கையி காலு ஓடல. அவ போன நான் வாங்கி வச்சிருக்கேன்."

எதையும் சொல்வதற்கில்லை என்று தினமும் என் மேசையில் உட்கார்ந்து சொல்லும் அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அண்ணன் மோசமானதைத்தான் நம்புவார். சொல்லாவிட்டால் அபி யாருக்கும் தெரியக் கூடாது என்று காத்துவைத்ததை நானே கொட்ட வேண்டியிருக்கும். கொட்டினேன். நீர்க்கட்டி, மாத்திரை, கட்டம், மதினி அழுத்திய பொத்தான், செயலியின் முட்டாள் கணக்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணனுக்குப் பின்னால் யாரோ ஒன்றரை இஞ்ச் எல்போ இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் சரி ஆத்தா" என்றார் அண்ணன். "இப்ப மாப்பிள்ளைக்கு என்ன சொல்றது?"

ஒரு சோதனை எடுத்துவிட்டால் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வேண்டாம் அண்ணே, அவள் சொல்வதை நம்புங்கள் என்று கெஞ்சினேன். நான் நம்புகிறேன், மற்றவர்கள் நம்ப வேண்டுமே என்றார். மறுநாள் அறந்தாங்கியில் ஒரு லேபுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஓர் அம்மாளும் வந்தார். அபி அந்தக் கழிவறைக்குள் போனபோது அவர் வாசலில் நின்றிருக்கிறார்.

எனக்கு இங்கே சாயங்காலம். வாட்ஸப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. லேப் தாள். அபியின் முழுப் பெயர், வயது, அப்பா பெயர், முடிவு. அதற்குக் கீழே மதினி எழுதியிருந்தார்: "நல்லவேள செல்வி, இல்லன்னு வந்துருச்சு. சம்பந்திக்கும் மாப்பிள்ளைக்கும் அனுப்பிட்டேன். நம்ம குடும்ப குரூப்புலயும் போட்டுட்டேன்." பக்கத்தில் இரண்டு கும்பிட்ட கைகள். குரூப்பில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் பூங்கொத்து போட்டிருந்தார்கள். எதற்கு என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது, மதினி மேல் ஆத்திரமும் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. தன் பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைக்கிறார்.

சதீஷ் மதினிக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பியிருக்கிறார். அதன்பின் ஒரு வரி. "சரிங்க அத்தை. அந்த ஆப்ப மறுபடி போடச் சொல்லுங்க."

போட்டுவிட்டார்கள். ஓடிபியை அண்ணனே படித்துச் சொன்னாராம். முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. செயலி காட்டிய தேதிக்கு ஒரு வாரம் தள்ளி, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அபி கூப்பிட்டாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் போனில். இப்போதெல்லாம் தன் போனில் அவள் எதையும் பேசுவதில்லை. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னதற்காக. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அதுல பொய்யா போட்டுக்கிட்டிருக்கேன் அத்தை. எல்லா நாளும் நல்லா தூங்குனேன், சந்தோசமா இருக்கேன்னு. வலி இல்லன்னு. நேத்து வலி தாங்காம ஆபீஸ்ல படுத்துட்டேன். அதுல பூ படம் போட்டேன்."

"கல்யாணத்த நிறுத்திரலாம் அபி. நான் டிக்கெட் போட்டு வாரேன். அண்ணன்ட்ட நானே பேசுறேன்."

"நிறுத்துனா அந்த மாத்திரை விசயத்த ஊருக்கே சொல்லுவாரு. நம்ம குரூப்புல வந்த பேப்பரும் சேந்துக்கும். எதுக்கு டெஸ்ட் எடுத்தாங்கன்னுதான கேப்பாங்க, என்ன வந்துச்சுன்னா கேப்பாங்க?"

பேச்சை மாற்றுவதாக நினைத்து, என் மேசை முன்னால் நேற்று ஓர் அம்மாள் கத்திய கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அம்மாவே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"அப்பா வந்தா?"

"மாட்டோம்."

"புருசன் வந்து கேட்டா?"

"அவரு யாரா இருந்தாலும் சொல்ல மாட்டோம்."

பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது. போனை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். வைப்பதற்கு முன்னால் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அங்க நீங்க உக்காந்திருக்கீங்க அத்தை. இங்கிட்டு யாரு உக்காந்திருக்கா?"